கேஎல்லில் முதல்முறை ரூம் போடும் முன்

ஊரிலிருந்து யாராவது கோலாலம்பூருக்கு (சுருக்கமாக கேஎல்) வருகிறார்கள் என்றால் டிக்கெட் போட்ட கையோடு எனக்கு ஒரு போன் வரும். "மலிவா, சுத்தமா, பக்கத்துலயே கோயில், சாப்பாடு எல்லாம் இருக்கிற மாதிரி ஒரு ஹோட்டல் சொல்லுப்பா." பிரிக்பீல்ட்ஸ் பக்கம் குடியிருப்பவன் என்பதால் கேட்கிறார்கள், கேட்பதில் தப்பில்லை. ஆனால் ஹோட்டல் பெயர் சொல்வதை நான் எப்போதோ நிறுத்திவிட்டேன். இங்கே சின்ன ஹோட்டல்கள் கைமாறிக்கொண்டே இருக்கும், போன வருடம் பளிச்சென்று இருந்த இடம் இந்த வருடம் வேறு பெயர்ப்பலகையோடு ஈர வாடை அடித்துக்கொண்டு நிற்கும். அதனால் எப்படித் தேடுவது, எதைப் பார்ப்பது, எதைக் கேட்பது என்று சொல்லிக்கொடுத்துவிடுகிறேன். பெரியவர்களையும் குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு முதல்முறையாக வெளிநாடு வருகிறவர்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் இரண்டு மூன்று சொற்கள். ஊரில் ஹோட்டல் என்றால் சாப்பாட்டுக் கடையும் அதுதான், தங்குமிடமும் அதுதான். இங்கே ஹோட்டல் என்றால் தங்குவதற்கு மட்டும். சாப்பிட வேண்டுமென்றால் கடை என்று கேளுங்கள். மலேசியப் பணமான ரிங்கிட்டை இங்கே தமிழர்கள் வெள்ளி என்போம், நூறு வெள்ளி, இருநூறு வெள்ளி என்று. மனக்கணக்குக்கு ஒரு வெள்ளிக்கு 20 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள், வரும் முன் அன்றைய விலையைப் பார்த்துவிடுங்கள். காலையில் யாராவது "பசியாறிட்டீங்களா?" என்று கேட்டால் காலை உணவு ஆயிற்றா என்று கேட்கிறார்கள்.

ரயில் வரைபடத்திலிருந்து தொடங்குங்கள்

எல்லாரும் செய்வது என்ன? செயலியைத் திறந்து, தேதியைப் போட்டு, விலை குறைந்ததிலிருந்து வரிசைப்படுத்திப் பார்ப்பது. அப்படிப் பார்த்தால் 60 வெள்ளி, 70 வெள்ளி அறைகள்தான் முதலில் வந்து நிற்கும், பாதிக்கு மேல் ஸ்டேஷனே இல்லாத இடங்களில் இருக்கும். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஸ்டேஷன் பக்கத்து அறை 100 வெள்ளி, தள்ளி இருப்பது 70 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். 30 வெள்ளி மிச்சம் என்று தோன்றும். ஆனால் தள்ளி இருந்தால் போக ஒரு கிராப் (செயலியில் கூப்பிடும் வாடகைக் கார்), வர ஒரு கிராப், சாப்பிடப் போக ஒன்று. சவாரிக்கு 12 வெள்ளி என்றாலும் 36 வெள்ளி போய்விட்டது, காத்திருந்த நேரம் தனி. ஸ்டேஷன் பக்கத்தில் இருந்தால் நகரத்துக்குள் எங்கே போனாலும் பெரும்பாலும் இரண்டு மூன்று வெள்ளிக்குள் முடிந்துவிடும்.

அதனால் எல்ஆர்டி, எம்ஆர்டி, மோனோரயில் என்று நகரத்துக்குள் ஓடும் ரயில்கள் மூன்றும் இருக்கும் வரைபடத்தை முதலில் எடுத்துவைத்து, எந்த ஸ்டேஷனுக்கு அருகில் தங்கப்போகிறோம் என்று முடிவு செய்யுங்கள். ஹோட்டல் அதற்கு அப்புறம்.

முதல்முறை வருகிறவர்களுக்கு நான் சொல்வது பிரிக்பீல்ட்ஸ். கேஎல் சென்ட்ரல் இங்கேதான் இருக்கிறது. விமான நிலைய ரயில், எல்ஆர்டி, பத்துமலை முருகன் கோயிலுக்குப் போகும் கேடிஎம் கொமுட்டர் என்ற புறநகர் ரயில் எல்லாம் அங்கிருந்தே ஏறலாம், மோனோரயில் எதிர்ப்புறம். கேஎல்சிசி, அதாவது இரட்டைக் கோபுரம், எல்ஆர்டியில் ஐந்தாவது நிறுத்தம். பெரிய கடைவீதியான புக்கிட் பிந்தாங் மோனோரயிலில் ஐந்தாவது. துன் சம்பந்தன் சாலையில் இறங்கி நடந்தால் பூக்கடை, புடவைக்கடை, வாழையிலைச் சாப்பாடு, தோசை, ஜாலான் ஸ்காட்டில் (ஜாலான் என்றால் சாலை) கந்தசுவாமி கோயில் எல்லாம் நடக்கும் தூரம், தமிழிலேயே பேசி முடித்துவிடலாம். நடைபாதையில் மேடு மேடாக மஞ்சள் கோடு ஒன்று போவதைப் பார்ப்பீர்கள், அது பார்வையற்றவர்களுக்கானது; அவர்களுடைய சங்கம் இந்தப் பகுதியில்தான் இருக்கிறது, அவர்கள் வெள்ளைக்கோலோடு நடந்து வரும்போது பெட்டியை அந்தக் கோட்டின் மேல் நிறுத்திவைக்காதீர்கள். ஒரு குறையும் சொல்லிவிடுகிறேன்: பெரிய சாலையை விட்டு உள்ளே போகும் சில சந்துகளில் இரவு பத்து மணிக்கு மேல் குடும்பத்தோடு நடக்க மனசு வராது. ஹோட்டல் எந்தத் தெருவில் இருக்கிறது என்று வரைபடத்தில் தெருப்படம் திறந்து பாருங்கள், மசாஜ் பலகைகள் வரிசையாகத் தெரிந்தால் அடுத்ததற்குப் போங்கள்.

அடுத்து மஸ்ஜித் ஜாமெக், மஸ்ஜித் இந்தியா பகுதி. இரண்டு எல்ஆர்டி பாதைகள் சந்திக்கும் ஸ்டேஷன். தமிழ் முஸ்லிம்களின் கடைகள், துணிக்கடை, நகைக்கடை, பணம் மாற்றும் கடை என்று நெருக்கமாக இருக்கும், நாசி கண்டார் (சோறும் பல வகைக் குழம்பும்) சாப்பிடவும் நல்ல இடம். ஊருக்குத் துணிமணி வாங்கிப்போக வருகிறவர்களுக்கு இதைவிட வசதி கிடையாது. சனிக்கிழமை இரவு பக்கத்துச் சந்தில் இரவுச் சந்தை கூடும், கூட்டம் தாங்காது. விடியும் முன் பாங்கு ஒலி கேட்கும், தூக்கம் சட்டென்று கலைகிறவர்கள் பள்ளிவாசலை ஒட்டிய அறையாக இல்லாமல் பார்த்துக்கொள்ளலாம்.

பசார் செனி ஸ்டேஷன் பக்கம், பெட்டாலிங் ஸ்திரீட்டைச் சுற்றி, தனியாக வரும் இளைஞர்களுக்கான படுக்கை வாடகை இடங்கள் நிறைய. எல்ஆர்டி, எம்ஆர்டி இரண்டும் உண்டு, புக்கிட் பிந்தாங் எம்ஆர்டியில் இரண்டாவது நிறுத்தம். 1873இல் தொடங்கிய மகாமாரியம்மன் கோயில் கொஞ்ச தூர நடையில் ஜாலான் துன் எச்.எஸ்.லீயில் இருக்கிறது. தைப்பூசத்துக்குப் பத்துமலை போகும் வெள்ளித்தேர் கிளம்புவது இங்கிருந்துதான், அந்த வாரம் இந்தப் பக்கம் அறை வேண்டுமென்றால் ரொம்ப முன்னாடியே போட்டுவிட வேண்டும்.

புக்கிட் பிந்தாங் நல்ல இடம்தான், ஆனால் அங்கே சங்காட் தெருப் பக்கம் மதுக்கடைகளின் பாட்டுச் சத்தம் பின்னிரவு வரை போகும், பிள்ளைகளோடு வேண்டாம். கேஎல்சிசி விலை அதிகம், கோபுரத்தை ரயிலில் வந்து பார்த்துவிட்டுப் போகலாம். சௌக்கிட்டில் மலிவாகக் கிடைக்கும், முதல் பயணத்துக்கு நான் சொல்லமாட்டேன்.

இன்னொன்று. செயலி "ஸ்டேஷனிலிருந்து 600 மீட்டர்" என்று காட்டும், அது பறவை பறக்கும் தூரமாகவும் இருக்கலாம். நடுவில் ஒரு நெடுஞ்சாலை, ஒரு ஆறு, ஏறி இறங்க வேண்டிய மேம்பாலம் இருக்கும். நடைபாதை பாதியில் காணாமல் போகும். நடந்துபோகும் வழியைப் போட்டு எத்தனை நிமிடம் என்று பாருங்கள். இங்கே மாலை நான்கு ஐந்து மணிக்கு இடி மின்னலோடு மழை கொட்டுவது சாதாரணம், பெட்டியை இழுத்துக்கொண்டு அந்த மழையில் நடக்கிற தூரம்தான் கணக்கு. பத்து நிமிடத்துக்கு மேல் போனால் வேண்டாம்.

ஜன்னல்

இதைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்லப்போகிறேன், மனசு கேட்கவில்லை.

எங்கள் மாமாவும் அத்தையும் புதுக்கோட்டையிலிருந்து வந்தார்கள். நாங்கள் அப்போது ஊரில் இல்லை, அடுத்த நாள்தான் திரும்பினோம், அதனால் ஒரு இரவுக்கு மாமாவே ரூம் போட்டுக்கொண்டார். மலிவான அறை, படத்தில் வெள்ளை விரிப்பு, அழகான விளக்கு. காலையில் எட்டே முக்காலுக்கு நான் போன் அடிக்கிறேன், மாமா தூக்கக் கலக்கத்தில் எடுத்து, "என்ன மாப்ளே, இங்க இன்னும் விடியலையா?" என்கிறார். போன் இன்னும் இந்திய நேரத்திலேயே ஆறேகால் காட்டிக்கொண்டிருந்திருக்கிறது. அறையில் ஜன்னலே இல்லை. திரைச்சீலை தொங்கியிருக்கிறது, அத்தை விலக்கிப் பார்த்தால் பின்னால் வெறும் சுவர். விளக்கை அணைத்தால் கை தெரியாத இருட்டு. அத்தைக்கு மூச்சு முட்டுவது போல இருந்து, விடிய விடியக் குளியலறை விளக்கைப் போட்டு வைத்துக்கொண்டு பாதி உட்கார்ந்தே இருந்திருக்கிறார். முதல் விமானப் பயணம், முதல் வெளிநாட்டு ராத்திரி அப்படிப் போயிற்று. எனக்கு இன்றைக்கும் அது வருத்தம்தான்.

ஹோட்டல்காரர் ஏமாற்றவில்லை, அறையின் பெயரோடு "ஜன்னல் இல்லாதது" என்று சின்ன எழுத்தில் போட்டிருந்தது. மாமா பார்க்கவில்லை. கேஎல்லில் மலிவு ஹோட்டல்கள் பல, கீழே கடை மேலே வீடு என்று இருந்த பழைய கடைவீடுகளை உள்ளே தடுத்துக் கட்டியவை, கடைவீடு குறுகலாகவும் நீளமாகவும் இருக்கும், முன்னும் பின்னும் இருக்கிற அறைகளுக்குத்தான் வெளிச்சம், நடுவில் இருப்பதற்கு வழியே கிடையாது. அதனால்தான் அந்த அறை 20, 30 வெள்ளி குறைவு. சில இடங்களில் ஜன்னல் என்று போட்டிருக்கும், திறந்தால் நடைகூடத்தைப் பார்க்கும். ஆகவே அறையின் பெயரை முழுசாகப் படியுங்கள், சந்தேகம் இருந்தால் ஹோட்டலுக்குச் செய்தி அனுப்பி "ஜன்னல் வெளியே பார்க்குமா?" என்று எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு இரவு தூங்கி எழுந்து ஓடுகிற இளைஞருக்கு ஜன்னல் இல்லாவிட்டால் ஒன்றும் கெட்டுப்போகாது. வயதானவர்களோடு வந்தால் அந்த 20 வெள்ளியைக் கொடுத்துவிடுங்கள்.

அதே கடைவீடு விஷயத்தில் இன்னொன்று, லிஃப்ட். வரவேற்பு மேசையே மாடியில் இருக்கும், படி செங்குத்தாக ஏறும். முழங்கால் வலி உள்ளவர்கள் வந்தால் லிஃப்ட் இருக்கிறதா என்று கட்டாயம் கேளுங்கள். லிஃப்டுக்குள் 4ஆம் எண்ணைத் தேடிக் காணாமல் திகைக்க வேண்டாம். சீனர்களுக்கு அந்த எண் ஆகாது என்பதால் பல கட்டடங்களில் 3க்கு அடுத்து 3ஏ என்று இருக்கும், அதுதான் நான்காம் மாடி.

விலை என்று காட்டுவது முழு விலையா?

பெரும்பாலும் இல்லை. வெளிநாட்டவர்கள் ஓர் அறைக்கு ஒரு இரவுக்கு 10 வெள்ளி சுற்றுலா வரி கட்ட வேண்டும், 2017 செப்டம்பரிலிருந்து இருக்கிறது. ஆளுக்கு அல்ல, அறைக்கு. மலேசியர்களுக்கு இது கிடையாது. அதோடு சேவை வரி, 2024 மார்ச்சிலிருந்து 8 விழுக்காடு. 90 வெள்ளி அறையில் நான்கு இரவு என்றால் 360, சேவை வரி 28.80, சுற்றுலா வரி 40, ஆக 428.80 வெள்ளி. சில தளங்கள் இதையெல்லாம் சேர்த்துக் காட்டும், சில தளங்கள் சுற்றுலா வரியை மட்டும் கவுண்டரில் கட்டச் சொல்லும். பணம் கட்டும் பக்கத்தில் எது சேர்ந்திருக்கிறது, எது சேரவில்லை என்று பார்த்து ஒரு படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள், கவுண்டரில் இரண்டாம் முறை கேட்டால் காட்டலாம்.

இதைத் தவிர வைப்புத்தொகை என்று 50 வெள்ளி, 100 வெள்ளி வாங்குவார்கள், அறையைக் காலி செய்யும்போது திருப்பித் தருவார்கள். விமான நிலையத்திலேயே கொஞ்சம் பணம் மாற்றி வைத்திருங்கள். அட்டையில் கொடுத்தால் அந்தப் பணம் திரும்பிவரப் பல நாள் ஆகலாம். இந்திய வங்கி அட்டையில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை நீங்களே திறந்துவிட வேண்டும், கிளம்பும் முன் வங்கிச் செயலியில் செய்துவிடுங்கள், இங்கே வந்து ஓடிபி வராமல் கவுண்டரில் நின்று தவித்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

எத்தனை பேர் என்பதை உண்மையாகப் போடுங்கள். ஊர்ப் பழக்கத்தில் இருவர் அறையில் நான்கு பேர் படுத்துக்கொள்ளலாம் என்று வந்தால் இங்கே கடவுச்சீட்டை எண்ணிப் பார்ப்பார்கள், கூடுதல் கட்டணமோ இன்னோர் அறையோ ஆகிவிடும். இரண்டு பெரிய கட்டில் போட்ட குடும்ப அறை இருக்கும், அதை முதலிலேயே எடுப்பது மலிவு. அப்புறம் பெயர்: கடவுச்சீட்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே, இனிஷியலை விரித்திருந்தால் விரித்தபடியே.

விமர்சனங்களைப் படிக்கும்போது மொத்த மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள். புதியவை முதலில் வரும்படி மாற்றி, கடைசி மூன்று மாதத்தில் எழுதியதைப் படியுங்கள், அதிலும் குறை சொன்னவர்களை. "வரவேற்பில் சிரிக்கவில்லை" என்பதை விட்டுத்தள்ளுங்கள். மூட்டைப்பூச்சி, வெந்நீர் வரவில்லை, வைப்புத்தொகை தரவில்லை, இந்த மூன்றில் ஏதாவது இரண்டு பேர் எழுதியிருந்தாலே அந்த ஹோட்டல் வேண்டாம். ஹோட்டல் போட்ட படத்தை விட, தங்கியவர்கள் போட்ட படங்களில் குளியலறை மூலையைப் பாருங்கள்.

காலை உணவு சேர்ந்த அறைக்குக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள் என்பது என் கருத்து. மலிவு ஹோட்டலில் கிடைப்பது ரொட்டியும் நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோறும்தான், அதோடு வரும் சம்பால் என்ற மிளகாய்த் தொக்கில் நெத்திலி இருக்கும், சைவம் சாப்பிடுகிறவர்கள் கேட்டுவிட்டுத் தொடுங்கள். கீழே இறங்கி நடந்தால் சுடச்சுட தோசையும் தே தாரிக்கும் (நுரை வர ஆற்றிய பால் டீ) கிடைக்கிற ஊர் இது.

கொண்டோ எனப்படும் அடுக்குமாடி வீடுகளை நாள் வாடகைக்கு எடுப்பது மலிவாகத் தெரியும், மாடியில் நீச்சல் குளம் எல்லாம் காட்டுவார்கள். சாவி ஏதோ ஒரு தபால் பெட்டியில் ரகசிய எண் போட்டு எடுக்க வேண்டும், காவலாளி கேள்வி கேட்பார், சில கொண்டோக்களில் நிர்வாகமே இதை அனுமதிப்பதில்லை. புது ஊரில், போன் சிம் கூட இல்லாத முதல் இரவில், ஆள் உட்கார்ந்திருக்கும் வரவேற்பு மேசை வேண்டும். இரண்டாம் தடவை வரும்போது முயன்று பாருங்கள்.

வந்து இறங்கும் நேரம்

இந்தியக் கடவுச்சீட்டுக்கு 2023 டிசம்பர் 1இலிருந்து 30 நாள் வரை விசா தேவையில்லை என்று சலுகை கொடுத்திருக்கிறார்கள், டிக்கெட் போடும்போது அது நடப்பில் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். டிஜிட்டல் வருகை அட்டை ஒன்றை இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும், இலவசம், காசு கேட்கிற தளமாக இருந்தால் மூடிவிடுங்கள். அதில் தங்கும் முகவரி கேட்பார்கள். குடிநுழைவு அதிகாரியும் ஹோட்டல் பதிவைக் கேட்கலாம், திரும்பும் டிக்கெட்டையும் கேட்கலாம், இரண்டையும் தாளில் அச்செடுத்துக் கையில் வையுங்கள். பேருக்கு ஒரு ஹோட்டலைப் பதிந்து, வந்ததும் ரத்து செய்துவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். அந்த மேசையில் மாட்டினால் அப்படியே திரும்பும் விமானத்தில் ஏற்றிவிடுவார்கள்.

விமான நிலையம் செப்பாங்கில், நகரத்திலிருந்து 50 கிலோமீட்டருக்கு மேல். ரயிலில் கேஎல் சென்ட்ரலுக்கு அரை மணி நேரம், ஆளுக்கு 55 வெள்ளி. பேருந்து 15 வெள்ளி அளவில், ஒரு மணி நேரம் போல ஆகும். நான்கு பேர் என்றால் ரயிலை விட கிராப் லாபம். நள்ளிரவுக்கு மேல் இறங்கினால் ரயில் இருக்காது என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஊரிலிருந்து வரும் விமானங்கள் பல விடியற்காலையில் வந்து சேரும், அறை கிடைப்பதோ மதியம் இரண்டு மூன்று மணிக்கு. இதை யோசிக்காமல் வந்து வரவேற்பு நாற்காலியில் தூங்கி வழிகிற குடும்பங்களை அடிக்கடி பார்க்கிறேன். முன்கூட்டியே எழுதிக் கேட்டால் அறை காலியாக இருந்தால் சீக்கிரம் கொடுப்பார்கள், இல்லாவிட்டாலும் பெட்டியை வாங்கி வைத்துக்கொள்வார்கள். பெட்டியைப் போட்டுவிட்டு, பசியாறிவிட்டு, கேஎல் சென்ட்ரலில் கொமுட்டர் ஏறிப் பத்துமலைக்குப் போய்விடுங்கள். 272 படியையும் வெயில் ஏறும் முன் ஏறி இறங்கி மதியம் திரும்பினால் அறை தயாராக இருக்கும். கைக்குழந்தையோ மிகவும் வயதானவர்களோ இருந்தால் இது முடியாது, முந்தின இரவுக்கும் சேர்த்து அறை போட்டு, "விடியற்காலை வருவோம், அறையை விட்டுவிடாதீர்கள்" என்று எழுதிவிடுங்கள்.

அறைக்குள் போனதும்

பெட்டியைக் கட்டிலில் வைக்காதீர்கள். முதலில் விரிப்பின் மூலையைத் தூக்கி மெத்தையின் தையல் ஓரத்தைப் போன் வெளிச்சத்தில் பாருங்கள், மிளகுத் தூள் தூவினது போலக் கறுப்புப் புள்ளிகள் இருந்தால் மூட்டைப்பூச்சி, உடனே கீழே போய் வேறு அறை கேளுங்கள். வெந்நீரைத் திறந்து பாருங்கள், ஏசியைப் போட்டுப் பாருங்கள், கதவின் உள்தாழ்ப்பாளைப் போட்டுப் பாருங்கள். குறை எதுவானாலும் அந்தப் பத்து நிமிடத்திலேயே சொல்லிவிட வேண்டும், ராத்திரி படுத்த பிறகு சொன்னால் மாற்ற அறை இருக்காது.

பக்கெட்டும் சொம்பும் இருக்காது, கழிப்பறையில் நீர்க்குழாய் பெரும்பாலும் இருக்கும். பிளக் மூன்று சதுரக் கால், நம் ஊர் சார்ஜர் நுழையாது, அடாப்டர் கொண்டுவாருங்கள். குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்காமல் கெட்டிலில் கொதிக்கவையுங்கள். மேல்கூரையில் ஓர் அம்புக்குறி ஒட்டியிருக்கும், அது தொழுகைத் திசை. கடும் வாடை அடிக்கும் டுரியான் பழத்தின் படத்தின் மேல் சிவப்புக் கோடு போட்டிருந்தால் அந்தப் பழத்தை அறைக்குக் கொண்டுவந்தால் அபராதம் என்று பொருள், கடையிலேயே சாப்பிட்டுவிட்டு வாருங்கள். ஊதுபத்தி, சூடம் ஏற்றிச் சாமி கும்பிடும் பழக்கம் இருந்தால் அறைக்குள் வேண்டாம், புகைமணி அடித்துவிடும். கோயில் பக்கத்திலேயே இருக்கிறது.

வெளியே நடக்கும்போது கைப்பையைச் சாலைப் பக்கம் மாட்டாமல் கடைப் பக்கத் தோளில் மாட்டுங்கள், மோட்டார் சைக்கிளில் வந்து பறிப்பவர்கள் உண்டு.

காலி செய்யும் நேரம் பொதுவாகப் பகல் பன்னிரண்டு. விமானம் இரவு என்றால் பெட்டியை வரவேற்பில் விட்டுவிட்டுச் சுற்றலாம். வைப்புத்தொகை வாங்கும்போது ஒரு சின்ன ரசீது கொடுத்திருப்பார்கள், அது இருந்தால்தான் பணம். ஜன்னலில்லாத அந்த அறையிலிருந்து மாமாவை அவசர அவசரமாக எங்கள் வீட்டுக்குக் கூட்டி வந்ததில் 100 வெள்ளியை வாங்கவே மறந்துவிட்டோம். அவர் ஊருக்குப் போன பிறகு நான் போய்க் கேட்டபோது ரசீது இல்லாமல் தரமாட்டோம் என்றார்கள். புதுக்கோட்டையில் மாமாவின் சட்டைப்பையைத் தேடி, அத்தை வாட்ஸ்அப்பில் படம் எடுத்து அனுப்பி, அதைக் காட்டித்தான் வாங்கினேன். வாங்கின உடனே ரசீதைக் கடவுச்சீட்டு உறைக்குள் செருகிவிடுங்கள்.